மூங்கில் புல்லா, மரமா என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: "மூங்கிலைப் புல் என்கிறார்கள், பார்த்தால் மரமாக இருக்கிறது. பச்சைத் தங்கம் என்று வேறு விளம்பரம் செய்கிறார்கள். உலகத்தில் உண்மையிலேயே அதற்கு அவ்வளவு பயன் இருக்கிறதா, இல்லை கூடை, முறம், பாடையோடு முடிந்ததா? என்னிடம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. நடலாமா?"

முதல் கேள்விக்குத் தொல்காப்பியர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். மரபியலில் வருகிறது: "புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப." காழ் என்றால் வைரம். வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். தேக்கை அறுத்தால் நடுவில்தான் கறுத்த வைரம் இருக்கும். வெளிப்பக்கத்து வெள்ளையைத் தச்சர் செதுக்கி எறிவார். மூங்கிலில் நேர்மாறு. பச்சைத் தோலை ஒட்டிய பகுதிதான் வலு. உள்ளே போகப்போக நெகிழ்ந்து, நடுவில் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்குப்படி பனையும் தென்னையும்கூடப் புல்லாகிவிடும். இன்றைய தாவரவியலார் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். ஆனால் மூன்றையும் ஒருவித்திலை என்ற ஒரே பெரிய கூட்டத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மூங்கில் நெல்லுக்கும் கரும்புக்கும் உறவான புல் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மூங்கிலில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

இது வெறும் இலக்கணச் செய்தி என்று நினைக்காதீர்கள். நான் பல ஆண்டுகளாக மூங்கில் வேலையோடு இருப்பவன். மூங்கிலால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் இந்தப் புறக்காழில் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மூங்கில் மரம்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கிலிருந்து முளை கிளம்பும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. கைப் பருமனில் வந்த முளை கைப் பருமனில்தான் நிற்கும். ஆனால் உயரம் அபாரம். சில இனங்களில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். இதைப் பார்த்து ஏமாந்து வெட்டியவர்கள் ஏராளம். அந்த வயதில் அது தண்ணீரும் மாவுச்சத்தும் நிறைந்த குழாய். உறுதி வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். தொழில் தெரியாத காலத்தில், முதலாண்டுக் கழிகளை வெட்டி ஆட்டுக்கொட்டகை போட்டேன். ஆணி அடித்த இடமெல்லாம் நீளவாக்கில் பிளந்தது. ஆறாவது மாதம் காலையில் எழுந்து பார்த்தால் ஆடுகளின் முதுகில் மஞ்சள் மாவு. வண்டு துளைத்து, உள்ளிருந்த மாவுச்சத்தைத் தின்று, தூளாகக் கொட்டியிருந்தது. முற்றிய கழியை வறண்ட காலத்தில் வெட்டி, குளத்து நீரில் சில வாரம் ஊறப்போட்டுக் காயவைத்தால் பாதித் தொல்லை தீரும். இப்போது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். உலகத்தில் பேர்சொல்லும் மூங்கில் கட்டடங்கள் பலவும் இந்தக் கரைசலில் குளித்து எழுந்தவைதான்.

ஆணிக்குப் பிளக்கும் அதே குணம், கத்தி பிடிக்கத் தெரிந்தவருக்கு வரமாகிறது. நார்கள் எல்லாம் நீளவாக்கில் ஓடுவதால், நுனியில் வெட்டுக்கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கழி தானே இரண்டாகும், நான்காகும், பிளாச்சாகும், சிம்பாகும். கூடையும் முறமும் ஒகேனக்கல் பரிசலின் சட்டமும் இப்படி வந்தவைதான். இதை எளிய வேலை என்று நினைத்தால் சீனாவைப் பாருங்கள். சிச்சுவான் மாகாணத்துச் சிகோங்கில் உப்புநீர் எடுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். இரும்பு உளியை மூங்கில் வடத்தில் தொங்கவிட்டு, தூக்கித் தூக்கிப் போட்டே பாறையைத் துளைத்தார்கள். ஷென்ஹாய் என்ற கிணறு 1835-இல் 1,001 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. கீழிருந்து உப்புநீரை மொண்டுவந்ததும் மூங்கில் குழாய். அடியில் தோல் அடைப்பு வைத்திருந்தார்கள். கிணற்றில் உப்புநீரோடு இயற்கை எரிவாயுவும் வந்தது. அதையும் மூங்கில் குழாயில் கொண்டுபோய் உப்புக் காய்ச்சும் அடுப்பை எரித்தார்கள். துளையிடும் வடம், நீர் மொள்ளும் குழாய், எரிவாயுக் குழாய் மூன்றும் ஒரே புல். எனக்குத் தெரிந்த மூங்கில் கதைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அதே சிச்சுவானில் தூச்சியாங்யன் நீர்ப்பாசன அமைப்பு இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லீ பிங் என்ற ஆளுநர் கட்டியது. இன்றும் வயலுக்குத் தண்ணீர் விடுகிறது. அதில் ஆற்றைப் பிரிக்கும் கரையை அணையாகக் கட்டவில்லை. நீண்ட மூங்கில் கூடைகள் முடைந்து, அவற்றில் ஆற்றுக் கற்களை நிரப்பி அடுக்கினார்கள். வெள்ளம் இடித்தால் கூடை கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், ஆனால் கல் சிதறாது. கூடை மக்கியபோது புதிதாக முடைந்து வைத்தார்கள். இன்று நம் ஆற்றங்கரைகளில் கம்பிவலைக்குள் கல்லைக் கட்டிப் போடுகிறார்களே, அதற்கு மூத்தது இது.

சீனர்களின் எழுத்துக்கும் மூங்கில்தான் முதல் தாள். காகிதம் பரவும்வரை மெல்லிய மூங்கில் பட்டைகளில் மேலிருந்து கீழாக எழுதி, நூலால் கோத்துச் சுருட்டி வைத்தார்கள். நமக்கு ஓலைச்சுவடி, அவர்களுக்கு மூங்கில் சுவடி. எழுதுவதற்கு முன் பச்சைப் பட்டையை நெருப்பில் வாட்டி ஈரத்தை 'வியர்க்க' வைப்பார்கள், வண்டு பிடிக்காமலிருக்க. அந்த வேலைக்கு இருந்த சொல்லைத்தான் இப்போது சீனத் திரைப்படக்காரர்கள் படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்பதற்குச் சொல்கிறார்கள். ஆட்டுக்கொட்டகை போட்ட அன்று இந்தச் சொல்லை அறியாமல் போனேன்.

மூங்கிலின் நடுவில் ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒன்றுமில்லாததற்கும் விலை உண்டு. மேகாலயத்தின் காசி, ஜெயின்டியா மலைகளில் ஊற்று நீரை மூங்கில் வாய்க்காலில் இறக்கி வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக்கும் பாக்குக்கும் விடுகிறார்கள். சரிவான பாறை நிலம். வாய்க்கால் வெட்ட வழியில்லை. தலைப்பில் நிமிடத்துக்குச் சுமார் இருபது லிட்டர் நுழையும் தண்ணீர், பிரிந்து பிரிந்து வந்து செடியின் தூரில் நிமிடத்துக்கு இருபது முதல் எண்பது சொட்டாக விழும்படி கழிகளின் பருமனையும் துளைகளையும் அமைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் சொட்டுநீர்க் குழாய் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சுமார் இருநூறு ஆண்டுகளாக நடக்கும் வேலை. இதில் பம்பு செட்டு கிடையாது, மின்கட்டணமும் கிடையாது.

பிலிப்பைன்ஸின் லாஸ் பினாஸ் ஊரில் தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் தேவாலயத்துக்கு ஆர்கன் என்ற குழல் இசைக்கருவி செய்ய நினைத்தார். 1816-இல் தொடங்கினார், 1824-இல் முடித்தார். மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில். வண்டுக்குப் பயந்து மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்துப் பக்குவப்படுத்தினாராம். ஆர்கன் இப்போதும் வாசிக்கப்படுகிறது. நம் புல்லாங்குழலையும், 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்தோனேசியாவின் மூங்கில் இசைக்கருவியான அங்குலுங்கையும் பற்றி நீங்களே அறிவீர்கள்.

எடிசனின் விளக்கையும் ஒரு வாய் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1880-இல் அவருடைய ஆட்கள் கண்ணில் பட்ட நாரையெல்லாம் கரியாக்கிப் பார்த்தார்கள். மூங்கில்தான் நின்று எரிந்தது. அதிலும் ஜப்பானில் கியோத்தோவுக்கு அருகே யவாட்டா என்ற ஊர் மூங்கில். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரிந்த அந்த இழைதான் சில ஆண்டுகள் வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது. அவ்வூர்க் கோயில் வளாகத்தில் எடிசனுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

இனி வீடு. 'எஃகைவிட வலுவானது' என்று எழுதுகிறார்களே, அதை உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். எடைக்கு எடை, நார் ஓடும் திசையில் இழுத்தால் மூங்கில் எஃகோடு போட்டி போடும். குறுக்கே அழுத்தினால் நசுங்கும், ஆணிக்குப் பிளக்கும். ஆகவே மூங்கில் வீட்டின் பிரச்சினை கழியில் இல்லை, இணைப்பில்தான். இதை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் கொலம்பியாவின் கட்டடக் கலைஞர் சிமோன் வேலெஸ். அங்கே குவாதுவா என்ற பெரிய மூங்கில் உண்டு. இணைப்பு வரும் இடத்தில் கணுவிடைக்குள் சிமெண்டுக் கலவையை நிரப்பி, அதன் வழியே போல்ட்டைச் செலுத்தினார். வெற்றிடம் கெட்டியானதும் குவாதுவா பெரிய கூரைகளைத் தாங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் உலகக் கண்காட்சிக்கு அவர் மூங்கில் மண்டபம் வரைந்தபோது, ஜெர்மானிய அதிகாரிகள் நம்பவில்லை. அவர் முழு அளவு மாதிரியைக் கொலம்பியாவின் மனிசாலேஸ் நகரில் முதலில் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்குச் சற்று முன், 1999 ஜனவரியில் கொலம்பியாவின் காப்பி விளையும் பகுதியில் நிலநடுக்கம் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்கல், கான்கிரீட் கட்டடங்கள் பல சரிந்தன. மூங்கில் பிளாச்சில் காரை பூசிக் கட்டிய வீடுகளில், பராமரிப்பு நன்றாக இருந்தவை தாக்குப்பிடித்தன. ஏழைகளின் வீடு என்று ஒதுக்கியதை அதன் பிறகுதான் பொறியாளர்கள் அளந்து பார்த்தார்கள். நாட்டின் கட்டட விதிகளிலும் குவாதுவாவுக்கு இடம் கிடைத்தது. சட்டம் ஏற்றால் வங்கிக் கடன் வரும், கடன் வந்தால் கழிக்கு விலை வரும். நம் நாட்டில் மூங்கில் வீடு கட்ட விரும்புகிறவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதும் இதிலிருந்து புரியும்.

ஹாங்காங் வேறு மாதிரி. வானளாவிய கட்டடங்களுக்கும் மூங்கில் சாரம்தான். நம் கொத்தனார்கள் சவுக்குக் கம்பில் கட்டுவதை அவர்கள் மூங்கிலில் கட்டுகிறார்கள். கயிறு மட்டும் நைலான் பட்டை. இலேசாக இருக்கும், குறுகிய சந்திலும் தோளில் தூக்கிச் செல்லலாம், எந்த வளைவுக்கும் அறுத்துப் பொருத்தலாம். 2025 மார்ச்சில் அரசு, புதிய பொதுக் கட்டட ஒப்பந்தங்களில் பாதியிலாவது இரும்புச் சாரம் வேண்டும் என்றது. அந்த நவம்பரில் தை போ பகுதியில் சாரம் கட்டியிருந்த அடுக்குமாடிகளில் தீப்பற்றி 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழி முதலில் மூங்கில்மேல் விழுந்தது. விசாரித்தவர்கள் தரமற்ற பாதுகாப்பு வலையையும், ஜன்னல்களை மூடியிருந்த நுரைப் பலகைகளையும் சுட்டினார்கள். காய்ந்த மூங்கில் எரியாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே எரியும். ஆனால் அங்கே நடந்ததை மூங்கிலின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டால், வலை விற்றவர் தப்பித்துக்கொள்வார்.

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். இது எனக்குக் கோபம் வரும் இடம். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வரையறுத்தது. இரண்டாயிரம் ஆண்டு முன்பே தமிழன் பிரித்து வைத்ததை ஆங்கிலேயச் சட்டம் ஒரே கட்டில் கட்டிவிட்டது. விளைவு, பல மாநிலங்களில் விவசாயி தன் வயல் வரப்பில் தானே நட்ட மூங்கிலை வெட்டவும் வண்டியில் ஏற்றவும் வனத்துறையிடம் அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. காகித ஆலைகளுக்கோ அரசுக் காட்டு மூங்கில் குறைந்த விலையில் போனது. கர்நாடகத்தில் கூடை முடைபவர்கள் இதைச் சொல்லி முறையிட்டபோது, 1970-களின் நடுவில் சூழலியலாளர் மாதவ் காட்கில் ஆராயப் போனார். வனத்துறை 'சுத்தம்' செய்வதாக மூங்கில் குத்துகளின் அடியிலிருந்த முள் கிளைகளை வெட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் சொன்னார்கள்: ஐயா, அந்த முள்தான் வேலி, அதை எடுத்தால் மாடும் காட்டு விலங்கும் குருத்தை மேய்ந்துவிடும், அடுத்த ஆண்டுக்குக் கழி இருக்காது. காட்கில் அளந்து பார்த்தார். ஊர்க்காரர்கள் சொன்னதே சரி.

2006-இன் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்று சொல்லி, காட்டில் வாழ்வோருக்கு அதன்மேல் உரிமை கொடுத்தது. தாளில் கொடுத்ததைக் கையில் வாங்க மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மெந்தா லேகா என்ற கோண்டு கிராமம் போராட வேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து, மூங்கிலை ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார். 2017 நவம்பரில் அவசரச் சட்டம், தொடர்ந்து திருத்தச் சட்டம். வனமல்லாத நிலத்தில் விளையும் மூங்கில் இனி மரம் இல்லை. தொல்காப்பியர் ஜெயித்தார், தொண்ணூறு ஆண்டு தாமதமாக.

மூங்கில் பூத்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் விட்டீர்கள். நடப்போகிறவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது. பல இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்து, காய்த்து, மடிந்துபோகும். பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அங்கே கிடைக்கும் நான்கு விளைவுகளில் முதலாவதாக "சிறியிலை வெதிரின் நெல் விளையும்மே" என்றார். வெதிர் என்பது மூங்கில். முற்றுகையிட்ட மூவேந்தருக்கு அது மிரட்டல்: இந்த மலையைப் பட்டினி போட முடியாது. மிசோரத்தில் அதே பூவுக்குப் பொருள் வேறு. அங்கே மலைகளை மூடியிருக்கும் இனம் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். பேரிக்காய் அளவுக்குக் காய்க்கும். அதைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிப்படை வயலில் இறங்கும். மவுத்தாம் என்பது அதன் பெயர். 1959-இல் வந்த பஞ்சத்தின்போது எச்சரிக்கையை அரசு பொருட்படுத்தவில்லை என்ற ஆத்திரத்தில், பஞ்ச நிவாரணத்துக்கென்று லால்டெங்கா தலைமையில் எழுந்த அமைப்புதான் 1961-இல் மிசோ தேசிய முன்னணியானது. 1966-இல் ஆயுதம் எடுத்தது. 1986 ஒப்பந்தத்துக்குப் பின் லால்டெங்கா முதலமைச்சரானார். ஒரு புல் பூத்ததில் தொடங்கி, இருபது ஆண்டுக் கிளர்ச்சி நடந்து, ஒரு மாநிலமே பிறந்திருக்கிறது. 2006-07-இல் மறுபடி பூத்தது. அப்போது அரசு விழித்திருந்தது. எலி வாலுக்குக் காசு கொடுத்தார்கள்.

கடைசியாக உங்கள் இரண்டு ஏக்கர். விளம்பரங்களில் வரும் வருமானக் கணக்கை நம்பி நடாதீர்கள். மூங்கில் ஆடை என்பதைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த ரேயான். அதை வெறுமனே 'மூங்கில்' என்று எழுதி விற்றவர்கள்மேல் அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009 முதல் நடவடிக்கை எடுத்துவருகிறது. ஊதுபத்திக் குச்சியில் நமக்குச் சந்தை இருக்கிறது. சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் குச்சி வந்து குவிந்ததால், 2020-இல் இறக்குமதித் தீர்வையை 25 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனால் அதற்கு இயந்திரமும் பக்கத்தில் ஆலையும் வேண்டும். தனியாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது எட்டாது.

எட்டக்கூடியது உள்ளூர்ச் சந்தை: வாழைக்கு முட்டு, தக்காளிக்கும் பந்தல் காய்கறிக்கும் கழி, ஏணி, கூடை. உங்கள் ஊரைச் சுற்றி வாழையும் பந்தல் பயிரும் எவ்வளவு இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மானாவாரிக்குக் கல் மூங்கில் ஏற்றது. உள்ளே பெரிய பொள்ளல் இல்லாமல் கெட்டியாக வளரும். முள் மூங்கில் வாய்க்கால் ஓரத்துக்குச் சரி, வெட்டும்போது கையைக் கிழிக்கும். எதை நட்டாலும் நாலைந்து ஆண்டு கழி எதிர்பார்க்க வேண்டாம். முழு நிலத்திலும் நடாதீர்கள். வேலியோரம் ஒரு வரிசை போதும். பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள், நிழலும் வேரும் அவர் பயிரில் இறங்கும். குத்தின் நடுவில் முற்றியதை வெட்டி, இளசை விட்டுவைக்க வேண்டும். அடுத்த முளைக்குச் சோறு போடுவது அந்த இளசுதான்.

எது முற்றியது என்று நிறத்தை வைத்துச் சொல்லப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. மழைக்குப் பின் கிளம்பும் ஒவ்வொரு கழியிலும் மார்பு உயரத்தில் பெயின்டால் அந்த ஆண்டை எழுதிவையுங்கள். 2026 என்று எழுதிய கழியை 2029-க்கு முன் யார் கேட்டாலும் வெட்டாதீர்கள், அது கல்யாணப் பந்தலுக்கு என்றாலும் சரி.